சானடோரியத்தில் இருக்கிறார்

பழைய மாணவர் மடலை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை, ராஜகோபால் சார். பதினாறு வருஷம் அதை நடத்தியவன் சொல்கிறேன். முதல் பக்கத்தில் பிரின்ஸிபால் எழுதுவார். புது லாபரேட்டரி திறந்தது, ஹாக்கி டீம் கோப்பை வாங்கியது, இப்படி. அதை மரியாதைக்குப் புரட்டிவிட்டு எல்லாரும் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிரமோஷன், யார் போய்ச் சேர்ந்தார். நீங்கள் இந்த வருஷம்தான் செயலாளர் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் மடலை நன்றாக நடத்தலாம்.

தேவானந்தம் நாக்பூரில் இறந்துபோனது பற்றி ஐந்து வரி கேட்டிருந்தீர்கள். ஐம்பத்தைந்து செட்டில் அவனோடு நெருக்கமாக இருந்தவன் நான்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வரி எழுதுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஒரு வரியில் அடக்கியவன் நான். ஆனால் இந்த ஒருவனைப் பற்றி ஐந்து வரியில் உண்மை வராது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கத்துக்கு 'இன்னார் இங்கே' என்று பெயர் வைத்தவன் நான்தான். பழைய மாணவர்கள் போடும் கடிதங்கள் கல்லூரி நூலகத்தில் என் மேஜைக்கு வரும். பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதிலிருந்து சாரத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு வரி, மிஞ்சினால் மூன்று வரி என்று சுருக்குவேன். என் பெயர் அதில் ஒரு தடவையும் வந்ததில்லை. நூலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தவன் உதவியாளனாகவே இருந்தால் அதில் என்ன செய்தி இருக்கிறது? அச்சுக்கூடத்திலிருந்து வரும் புரூஃபை ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, வீட்டுக்கு எடுத்துப் போவேன். என் தங்கை தபீதாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. அவள்தான் பிழை திருத்துவாள். அவள் கண்ணுக்கு ஒற்றும் தப்பாது.

தேவானந்தமும் நானும் ஹாஸ்டலில் ஒரே அறை. என்னை எல்லாரும் 'எலி' என்று கூப்பிட ஆரம்பித்ததற்கு அவன்தான் காரணம். எலியேசர் என்று முழுசாகச் சொல்ல அவனுக்குச் சோம்பல். தாய் தகப்பன் இல்லாதவன். மிஷன் விடுதியில் வளர்ந்தவன். படிப்பு முடிந்ததும் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா, நான், தபீதாள், அவன். மட்டன் குழம்பில் நெஞ்செலும்பு எப்போதும் அவன் தட்டுக்குத்தான் போகும். பரிமாறியவள் தபீதாள். எனக்கும் நெஞ்செலும்பு பிடிக்கும். அதைச் சொல்லிக் காட்ட வேண்டிய இடம் இது இல்லை, விடுங்கள்.

அவன் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. ஆனால் அம்மா மனசுக்குள் கல்யாணத்தையே நடத்தி முடித்திருந்தாள். அவனுக்கு எடுத்துப் பேசப் பெரியவர்கள் கிடையாது. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டிருக்கலாம். "கேளேன்டா, உன் சிநேகிதன்தானே" என்று அம்மா இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். வீடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவசரம் தெரியவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் ஏப்ரலில் அவனே நூலகத்துக்கு வந்து ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தான். 'இன்னார் இங்கே'க்கு அவன் செய்தி. விடுதி வார்டன் பார்த்து நாசரேத்தில் ஒரு சம்பந்தம் முடித்துவிட்டார். பெண்ணின் அப்பா அசரியா, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், நம் கல்லூரியின் பழைய மாணவர். பெண் பெயர் யூனிஸ். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படிப் பூரித்துப்போயிருந்தான்.

"எலி, எனக்குன்னு ஒரு வீடு எடுத்துட்டேன்டா. ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல. வண்டி வர்ற சத்தம் கேட்டப்புறம் செருப்ப மாட்டினாக்கூடப் போதும். சமையல்கட்டு தனியா இருக்கு. முப்பத்தோரு வயசுல மொத தடவையா என் பேர்ல ஒரு சாவி" என்றான். சாவியை எடுத்துக் காட்டவும் செய்தான்.

தபீதாளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வந்து நானே சொல்றேன். ரொம்ப சந்தோஷப்படுவா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தான். அவள் அன்றைக்குச் சந்தோஷப்பட்டதாகத்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பாத்திரம் கழுவ மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஜூன் மடலில் வந்த செய்தியை அப்படியே தருகிறேன். "பி. தேவானந்தம் (1955): மெட்ராஸில் ஆசிரியர். இவருக்கும் நாசரேத் திரு. அசரியா அவர்களின் மகள் செல்வி யூனிஸுக்கும் திருமணம் நிச்சயமாகியுள்ளது. தற்போது தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறார்."

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சார், உங்கள் வயதுக்காரர்களுக்கு இது வெறும் ரயில்வே ஸ்டேஷன். அதைச் சுற்றித் தெருக்கள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன. "சானடோரியத்தில் வீடு" என்று நாம் தினம் சொல்கிறோம். டிக்கெட் கேட்கிறோம். ஆனால் நாசரேத் இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரே ஓர் அர்த்தம்தான், காசநோய் ஆஸ்பத்திரி. எங்கள் ஜனங்கள் அந்த நோயின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். வெட்கம், பயம். "அவர் சானடோரியத்தில் இருக்கிறார்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அவ்வளவுதான். ஊசியும் மாத்திரையும் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும், எந்த வீட்டைப் பற்றி அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்ததோ, அந்த வீட்டில் பிறகு பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

நாசரேத் கோவிலில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். ஒரு ஞாயிறு வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு வாசிக்கவில்லை. தேவானந்தத்துக்கு யாரும் காரணம் எழுதவில்லை. அந்த நோய் என்றால் அப்படித்தான். யாரும் கேட்கமாட்டார்கள், சண்டை போடமாட்டார்கள். மெள்ள விலகிக்கொள்வார்கள்.

அசரியா மட்டும் எனக்கு ஒரு கடிதம் போட்டார். மடலின் பொறுப்பாளருக்கு, ரகசியம் என்று மேலே எழுதி. "எனக்கு இருப்பது ஒரே மகள். தாங்கள் அவருடைய சிநேகிதர் என்று அறிகிறேன். தெரிந்ததை மறைக்காமல் எழுதவும்" என்று கேட்டிருந்தார். நான் அன்றைக்கே பதில் போட்டேன். "ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். தேவானந்தம் மிகவும் நல்லவர். எங்கள் வீட்டில் அவருக்காகத் தினமும் ஜெபித்துவருகிறோம். தங்கள் மகள் விஷயத்தில் கர்த்தர் தங்களை நடத்துவாராக."

அதுவும் உண்மைதான். அம்மா தினமும் சாயங்காலம் ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்வாள். அவன் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே சொல்லிவந்தாள்.

அவன் வேலை பார்த்த பள்ளிக்கூட லைப்ரரிக்கும் மடல் போகும். இரண்டு மாதத்தில் ஹெட்மாஸ்டர் அவனைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள், கொஞ்ச நாள் லீவில் இருங்கள் என்றார். அப்போதுதான் அவனுக்கே விஷயம் புரிந்தது. நேரே என்னிடம் வந்தான். கோபமாக வருவான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கப் பார்த்தான், பாவம். "எலி, நீ போட்ட ஒரு வரி என்ன பேஜார் பண்ணிடுச்சு பாத்தியாடா. வேணும்னேவா பண்ணினே? அடுத்த மடல்ல ஒரு திருத்தம் போட்டுடு, எல்லாம் சரியாய்டும்."

போட்டேன். அவன் முன்னாலேயே எழுதினேன். "பி. தேவானந்தம் (1955): இவர் தற்போது பூரண சுகத்துடன் இருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." படித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, "தேங்ஸ்டா" என்றான். சயன்ஸ் வாத்தியார். 'தற்போது' என்ற சொல் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தபீதாள் பார்த்திருந்தால் அந்தச் சொல்லை அடித்திருப்பாள்.

மடல் போன பத்து நாளில் அவனுக்குப் பதினொரு வாழ்த்துக் கடிதங்கள் வந்தன. குணமானதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், உடம்பைப் பார்த்துக்கொள், முட்டை நிறையச் சாப்பிடு என்று. பழைய புரொபசர் ஒருவர் தன் தம்பிக்கும் அதே நோய் வந்து நன்றாகிவிட்டதென்று விலாவாரியாக எழுதியிருந்தார். எல்லாம் நல்ல மனசோடு எழுதியவைதான். அவன் அத்தனையையும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பிறகு அவன் ஆஸ்பத்திரிக்கே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டான். நெஞ்சு சுத்தமாக இருந்தது. டாக்டர் அப்படியே எழுதியும் கொடுத்தார். அந்தப் பெரிய பழுப்பு உறையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான், வார்டனிடம் போனான், கோவிலுக்கும் கொண்டுவந்தான். உறையின் மேல் ஆஸ்பத்திரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எக்ஸ்ரேயை வெளியில் எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. உறையைப் பார்த்ததுமே போதுமென்று தலையாட்டிவிட்டார்கள். கோவிலில் அவன் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டு உட்கார ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தான். அம்மா காபி கொடுத்தாள், தனி டம்ளரில். அவன் குடித்துவிட்டு வைத்ததும் அதைக் கரண்டியால் தள்ளி ஓரமாக வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். ஏழெட்டு வருஷம் சாப்பிட்ட வீடு. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தபீதாள் உள்ளேயிருந்து வந்து உறையைப் பிரித்தாள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கு அதில் என்ன தெரியும்? "நல்லாத்தானே இருக்கு" என்றாள். பிறகு ஓரமாக இருந்த டம்ளரை எடுத்து, அதிலேயே தனக்குக் காபி ஊற்றிக் குடித்தாள். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே தபீதாள் என்னிடம் வந்தாள். நேராக நின்றுதான் பேசினாள்.

"அண்ணா, அவருக்கு ஒண்ணுமில்ல. இருந்தாலும் பரவால்ல. அவர் கேட்டா நான் சரின்னுதான் சொல்லுவேன். அவரா கேக்கமாட்டார். நீங்க போய்க் கேளுங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

சரி என்றேன். இரண்டு நாள் கழித்துச் சானடோரியத்துக்குப் போனேன். அவன் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். பம்பு ஸ்டவ்வைப் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தான், அது அணைந்து அணைந்து போனது. புதுப்பெண்ணுக்கென்று வாங்கிய பாத்திரங்கள் காகிதம் பிரிக்காமல் அப்படியே அடுக்கியிருந்தன. நான் கதவைத் தட்டவில்லை. அடுத்த வண்டி பிடித்துத் திரும்பிவிட்டேன். தபீதாளிடம், "கேட்டேம்மா. உடம்பு நெஜமாவே சரியில்லயாம். யாரையும் கஷ்டப்படுத்த விரும்பல, கல்யாணப் பேச்சே வேண்டாம்னுட்டான்" என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை நம்பவைக்க நான் பிரயாசைப்படவே வேண்டியிருக்கவில்லை. அப்படிச் சொல்லக்கூடியவன்தான் அவன். "அப்ப எக்ஸ்ரே?" என்று மட்டும் கேட்டாள். "அது நம்மள சமாதானப்படுத்தக் காட்டினது" என்றேன்.

அவன் நாக்பூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு அறுபத்தேழு ஜனவரியில் புறப்பட்டான். பெட்டி தூக்க நான்தான் போனேன். வேறு யாரும் வரவில்லை. சானடோரியம் பிளாட்பாரத்தில் மின்சார வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். அவன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, வீட்டுக்காரரிடம் சேர்த்துவிடச் சொன்னான். வண்டி தூரத்தில் தெரிந்த பிறகுதான் கேட்டான். "எலி, தபீதா என்னப் பத்தி எதாச்சும் சொன்னாளாடா?"

"உனக்காக ஜெபம் பண்றா" என்றேன்.

"சரி" என்றான். ஏறிவிட்டான். உட்கார இடம் இருந்தும் கதவு பக்கத்திலேயே நின்றுகொண்டு போனான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வரும். அதில் அம்மா பெயர், என் பெயர், கடைசியில் தபீதாள் பெயர். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இதுவரை படித்த நீங்கள் ஒன்று கேட்பீர்கள். ஜூன் மடலில் போட்ட வரி கை தவறி விழுந்ததுதானே, பிறகு நடந்ததெல்லாம் அதை மறைக்கப் போய் நடந்ததுதானே என்று. அப்படித்தான் நானும் பல வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவன் கொடுத்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அவன் எழுதியிருந்தது, "தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு எதிரே வீடு எடுத்துக் குடியிருக்கிறார்" என்று. அன்றைக்கு நூலகத்தில் அட்டெண்டர் சின்னப்பன் பக்கத்தில் நின்று புத்தகங்களில் தூசி தட்டிக்கொண்டிருந்தான். தேவானந்தம் எதேச்சையாக, "இப்ப நான் சானடோரியத்துலதான் இருக்கேன்" என்றதும், சின்னப்பன் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

"இன்னா சார் சொல்றே? நல்லாத்தானே கீறே? எப்பலேர்ந்து இந்தச் சீக்கு?"

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எலி, கவனமாப் போடுடா. எங்க மாமனார் ஊர்ல சின்னப்பன மாதிரிதான் எல்லாரும்" என்றான் தேவானந்தம். கவனமாகத்தான் போட்டேன். ஐந்து சொற்களை அடித்தேன். இடம் போதாமல் அடிக்கவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் நாலு வரிக்கு இடம் மிஞ்சி, கம்பாஸிட்டர் அதில் பூ போட்ட ஓர் அச்சுக்கட்டையை வைத்து நிரப்பினான். அந்த இதழின் புரூஃபை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

தங்கையின் மனசை உடைத்தவனைத் தண்டித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மனசு ஒட்டக்கூடிய ஒரு வழி வந்தபோது, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தவனும் நான்தான். அம்மா எழுபத்திரண்டாம் வருஷம் போனாள். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலையில் எனக்குக் காபி, வெந்நீர், மத்தியானத்துக்கு டிபன் காரியர், எல்லாம் வேளை தவறாமல் நடக்கிறது. அவளுக்கு முப்பத்தொன்பது வயது ஆகிறது. பக்கத்து அறையில் காம்போசிஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். தேவானந்தம் இறந்த செய்தியை அவளிடம் சொன்னேன். "நெஞ்சுதானே?" என்றாள். ஆமாம் என்றேன்.

நெஞ்சுதான். மாரடைப்பு. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது. அந்தப் பள்ளிக்கூடத்தார் எனக்கு எழுதிய கடிதத்தில் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் மெடிக்கல் லீவு எடுத்ததில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் மாதிரிக்கு எழுதி அனுப்பியிருந்த வரியில், "நெடுங்காலம் நெஞ்சுநோயால் அவதியுற்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருந்தது. உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லி வந்திருக்கும். முதலில் சொன்னவன் நான்.

அந்த வரி தவறு. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனாலும் அதை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மடல் எங்கள் வீட்டுக்கு ஒரு பிரதி வருகிறது. தபால்காரரிடம் வாங்கிப் பிரிப்பவள் தபீதாள்தான். கடைசிப் பக்கத்தை அவள் ஒவ்வொரு சொல்லாகப் படிப்பாள். அவன் நோயாளி, அதனால்தான் தன்னை வேண்டாமென்றான் என்று நம்பி அவள் நிம்மதியாக இருக்கிறாள். அதைக் கலைக்க வேண்டாம். நீங்கள் எழுதியபடியே போட்டுவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை சார். தபீதாளுக்காகத்தான் கேட்கிறேன்.